செத்த காலேஜ், உயிர் காலேஜ்: ஒரகடம் பக்கம் ஒரு மியூசியம் வந்தால் அது எந்த காலேஜ்?

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்று சொல்வார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்த இடம் ஒன்று, உசுரோடு உலாத்துகிற இடம் இன்னொன்று. கேட்டதும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அதோடு விட்டுவிடுவோம்.

எனக்கு மனசில் சிக்கிக்கொண்டது அதில் இருக்கிற 'காலேஜ்' என்ற சொல்தான். வட இந்தியாவில் மியூசியத்துக்கு 'அஜாயிப் கர்' என்று ஒரு பேர் உண்டு. அதிசயங்களின் வீடு. வங்காளத்தில் 'ஜாதுகர்'. மாய வீடு. நம்ம ஊர் ஜனங்கள் மட்டும் ஏன் காலேஜ் என்றார்கள்? படிப்பு வாசனையே இல்லாத, காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு வந்த ஜனங்கள் வைத்த பேர் இது.

இந்தக் கேள்வியின் பின்னாலேயே போனால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு வருகிறது. அதோடு, நான் வேலைக்குப் போகவர பார்க்கிற ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் ஒரு கல்லூரி மியூசியம் இருந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜில் பிறந்த மியூசியம்

1812-இல் கம்பெனி அரசு மெட்ராஸில் ஒரு கல்லூரி தொடங்கியது. பேர், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கும் இளவட்ட அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலான மொழிகளைச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பின்னால் நின்று நடத்தியவர் எல்லிஸ். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதினாரே, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு முன்பே, 1816-இல் வாதம் வைத்தாரே, அவரேதான். கல்லூரி இருந்த இடம் நுங்கம்பாக்கத்தில் இன்று நாம் டிபிஐ வளாகம் என்று சொல்வது. அந்தத் தெருவுக்குக் 'காலேஜ் ரோடு' என்று பேர் வந்ததற்கும் இதுதான் காரணம்.

1851-இல் அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அரசு மியூசியம் தொடங்கியது. ஆரம்ப மூலதனம், மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல், பாறை மாதிரிகள். பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், ஒரு ராணுவ டாக்டர். சாமான்கள் சேரச் சேர மாடி தாங்கவில்லை. 1854-இல் எழும்பூரில் இருந்த பாந்தியன் மாளிகைக்கு மாற்றினார்கள். பாந்தியன் ரோட்டில் அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. இடம் மாறினாலும் பேர் மாறவில்லை. 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது.

பால்ஃபர் இன்னொன்றையும் கவனித்தார். கல்லையும் எலும்பையும் பார்க்க வருகிற கூட்டம் ஒரு அளவுதான். ஆனால் மியூசியத்தில் ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தைக்குட்டியையும் உயிரோடு வைத்தபோது ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கி, 1855-இல் மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை ஒன்றை ஆரம்பித்தார். செத்த காலேஜும் உயிர் காலேஜும் முதலில் ஒரே காம்பவுண்டு. சில வருஷங்களில் மிருகங்கள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. அங்கிருந்து 1985-இல் வண்டலூர்.

ஆக உயிர் காலேஜ் இப்போது வண்டலூர் - வாலாஜாபாத் சாலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அதே சாலைதான் ஒரகடம் வழியாகப் போகிறது. செத்த காலேஜ் மட்டும் எழும்பூரிலேயே தங்கிவிட்டது.

ஆறு பென்ஸ் கொடுத்து உள்ளே வந்தவர்கள்

கல்விச்சாலையில் மியூசியம் வைப்பது மெட்ராஸ் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம் 1683-இல் திறந்தது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்த முதல் சில மியூசியங்களில் அதுவும் ஒன்று.

1710-இல் உஃபன்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைப் பார்க்கப் போனார். அவர் எழுதி வைத்திருக்கிற குறிப்பு சுவாரசியமானது. முதல் தடவை போனபோது சந்தை நாள், நாட்டுப்புறத்து ஜனம் நெரிசல், நிம்மதியாக ஒன்றையும் பார்க்க முடியவில்லை என்று திரும்பிவிட்டார். இன்னொரு தடவை, ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட உள்ளே விடுகிறார்கள், அவர்கள் ஓடி ஓடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

முந்நூறு வருஷம் கழித்துப் படிக்கும்போது எனக்கு அந்தப் பெண்கள்மேல்தான் மரியாதை வருகிறது. சந்தைக்கு வந்த இடத்தில், கையில் இருந்த காசைக் கொடுத்து, ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள். அறிஞருக்கு அமைதி வேண்டும், ஜனங்களுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மியூசியங்களில் இந்த இழுபறி இன்றுவரை தீரவில்லை.

ஆனால் மெட்ராஸில் இதைவிடக் கனமான ஒரு பிரச்சினை வந்தது. பார்க்க வந்த ஜனங்களே பார்க்கப்படும் பொருளாக ஆனார்கள்.

தர்ஸ்டனின் அளவுகோல்

1885-இல் எட்கர் தர்ஸ்டன் மெட்ராஸ் மியூசியத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வந்தன. இன்றும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் அந்தப் பேர் வராமல் இருக்காது. உழைப்பாளி, சந்தேகமே இல்லை.

அவருடைய முக்கியமான கருவி அளவுகோல். தலை நீளம், தலை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம். ஊர் ஊராகப் போய் ஜனங்களை நிறுத்தி அளந்தார். மூக்கை அளந்தால் சாதி தெரியும், இனம் தெரியும் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை அறிவியல் பிறகு தூக்கிப் போட்டுவிட்டது. அளந்த எண்கள் மட்டும் அச்சில் நின்றுவிட்டன.

தன் தொகுதிகளின் முன்னுரையில் தர்ஸ்டனே ஒரு சம்பவம் சொல்கிறார். வயநாட்டில் பணியர் குடியிருப்புக்கு அவர் போனபோது பெண்கள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். அவர்களுக்கு என்ன பயம் என்றால், தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துக்கொண்டுபோய், பாடம் பண்ணி, மெட்ராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்பது. தர்ஸ்டன் இதை வேடிக்கையாக எழுதுகிறார். அப்படி முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும், உயிருள்ளவர்களைப் பார்த்து மாதிரி செய்கிற கஷ்டம் மிச்சம் என்கிற தொனியில் ஒரு ஜோக் வேறு.

அந்தப் பெண்கள் சொன்னது அறியாமை என்று இத்தனை நாள் படித்தோம். யோசித்துப் பார்த்தால், மியூசியம் என்ற அமைப்பை அவர்களைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார். தான் விரும்பினதை எடுக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார். பக்கத்தில் ஒரு சீட்டு எழுதுகிறார். சீட்டில் என்ன எழுதலாம் என்று உள்ளே இருப்பதைக் கேட்பதில்லை. புலியைக் கேட்பதில்லை, பணியரையும் கேட்பதில்லை.

'செத்த' என்ற சொல்லுக்கு எனக்கு இப்போது கிடைக்கிற அர்த்தம் இதுதான். பாடம் பண்ணின புலி மட்டும் செத்தது இல்லை. தன்னைப் பற்றித் தானே ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் காட்சிக்கு வைக்கப்பட்ட எதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பட்டறையும் கண்காட்சியும் ஒன்றாக இருந்த காலம்

இதே மெட்ராஸில், இதே சமயத்தில், வேறு ஒரு வழியும் திறந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற இன்னொரு டாக்டர் பிராட்வேயில் ஒரு கலைப் பள்ளி ஆரம்பித்தார். 1855-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன் பேரில் 'தொழிற்கலை' என்ற சொல் இருந்தது கவனிக்க வேண்டியது. ஓவியம் சொல்லிக்கொடுத்த அதே பள்ளியில் மண்பாண்டம், செங்கல், ஓடு செய்கிற சோதனைகளும் நடந்தன. அதே 1855-இல் மெட்ராஸில் தென்னிந்தியக் கைவினை, விளைபொருள், உற்பத்திப் பொருட்களுக்கான பெரிய பொருட்காட்சி ஒன்றும் நடந்தது.

அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த அத்தியாயம் 1898. கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் கலைப் பள்ளிக்குள் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் பட்டறையைத் தொடங்கினார். நம்ம வீட்டு அடுக்களைக்கு அலுமினியம் வந்த கதையில் அது முக்கியமான படி. ஒரு இன்ஜினியர், ஒரு கலைப் பள்ளி, ஒரு புது உலோகம், பித்தளை அடித்துப் பழகின கைகள். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

பிறகு மெல்ல மெல்லப் பங்கு பிரிந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் முதல் இந்திய முதல்வராக வந்தார். அவருக்குப் பிறகு கே.சி.எஸ். பணிக்கர். பள்ளி நவீன ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பேர் வாங்கியது. 1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று நிலம் வாங்கிய ஓவியர்கள் அவர்கள். இதெல்லாம் பெருமைதான். ஆனால் பட்டறை என்ற பகுதி கலைப் பள்ளியின் மையத்திலிருந்து ஓரத்துக்குப் போனது.

எழும்பூர் மியூசிய வளாகத்திலும் இதே கதைதான். அங்கே சிவப்புக் கல்லில் நிமிர்ந்து நிற்கிற விக்டோரியா நினைவு மண்டபம் 1909-இல் கைவினைத் தொழில்களுக்காக எழும்பியது. 1951-இல் அது தேசியக் கலைக்கூடம் ஆனது. கைவினைஞன் வெளியே வந்தான், ஓவியம் உள்ளே போனது.

ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் வந்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். உழைப்பு சிலையாக நின்றது. உழைக்கிறவர்கள் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கே போனார்கள்? கலைக் கல்லூரி இருக்கிற பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போய்க்கொண்டே இருங்கள். பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டை. பட்டறை அங்கே இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழகம் தெருவுக்கு வந்தபோது

நம்ம நாட்டில் பல்கலைக்கழகத்துக்குள் பொது மியூசியம் என்றால் முதலில் வருவது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் மியூசியம். 1937-இல் தொடங்கியது. அவர்கள் செய்த நல்ல காரியம், ராஜா வீட்டுச் சிற்பத்தோடு நிற்காமல் கிராமத்துப் பெண்கள் பழைய புடவையை அடுக்கித் தைக்கிற காந்தாவையும், படச்சுருளையும், மண் பொம்மையையும் கலை என்று சேகரித்தது. பல்கலைக்கழகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பாட்டி தைத்த போர்வை வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனாலும் போர்வைதான் வந்தது. பாட்டி வரவில்லை.

பாட்டியும் வந்த கதைக்குக் கனடா போக வேண்டும். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் மியூசியம், 1949-இல் நூலக அடித்தளத்தில் ஆரம்பித்தது. அந்தப் பல்கலைக்கழகம் நிற்கிற நிலம் மஸ்குயம் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் இன்றும் பக்கத்திலேயே வாழ்கிறார்கள்.

மஸ்குயம் மக்களுடைய பழைய ஊர் ஒன்று, செஸ்னாம், இன்றைய நகரத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 1890-களில், அதாவது தர்ஸ்டன் இங்கே மூக்கு அளந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், அங்கே தோண்டியவர்கள் பொருட்களோடு முன்னோர்களின் எலும்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்த இடத்தின் மேலே ரோடு, கட்டடம், பாலம். 2012-இல் அடுக்குமாடி கட்டத் தோண்டியபோது மறுபடி எலும்புகள் வந்தன. மஸ்குயம் மக்கள் மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து போராடினார்கள். வேலை நின்றது. கடைசியில் நிலத்தை அவர்களே விலைக்கு வாங்கினார்கள்.

2015-இல் அந்த ஊரைப் பற்றி ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் கண்காட்சி நடந்தது. ஒன்று நகர மியூசியத்தில், ஒன்று மஸ்குயம் மக்களுடைய சொந்தப் பண்பாட்டு மையத்தில், ஒன்று பல்கலைக்கழக மியூசியத்தில். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் மஸ்குயம் மக்கள் கூட இருந்து முடிவு செய்தார்கள். 'தொல்பொருள்' என்ற சொல்லைத் தவிர்த்து 'உடைமை' என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது. தொல்பொருளுக்குக் காலம்தான் உண்டு, உடைமைக்கு உடையவர் உண்டு. பல்கலைக்கழக மியூசியத்தில் ஒரு சமையலறை மேஜையைப் போட்டு, குடும்பங்கள் உட்கார்ந்து பேசுகிற பேச்சை ஒலிக்க விட்டார்கள். வருகிறவர்கள் அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்கலாம்.

தர்ஸ்டனின் அளவுகோலிலிருந்து அந்தச் சமையலறை மேஜை வரைக்கும் உள்ள தூரம்தான் மியூசியங்களின் நூற்றாண்டு வரலாறு. இதை வெள்ளைக்காரர்கள் திடீரென்று நல்லவர்கள் ஆகிச் செய்யவில்லை. எலும்பு வந்த இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் செய்ய வைத்தார்கள்.

'மெட்ராஸ் இண்டஸ்ட்ரி'

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். ஒரகடம் என்றால் எல்லாருக்கும் கார், லாரி, டயர், செல்போன்தான் ஞாபகம் வரும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்தப் பகுதியின் வரலாறு தொடங்குவது மாதிரிதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நிலத்துக்கு அடியில் வேறு கணக்கு இருக்கிறது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய ஆய்வு, அங்கே கல் கருவி செய்தவர்களின் காலத்தைப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் பின்னால் தள்ளியது. 2011-இல் வந்த முடிவு அது. தொல்லியலில் இந்தக் கருவி மரபுக்கு ஒரு பேர் உண்டு: 'மெட்ராஸ் கைக்கோடரி இண்டஸ்ட்ரி'. ஒரே மாதிரிக் கருவிகளை ஒரே முறையில் தொடர்ந்து செய்வதை அவர்கள் இண்டஸ்ட்ரி என்பார்கள். இந்தப் பகுதியில் இண்டஸ்ட்ரி வந்து எவ்வளவு நாள் ஆச்சு என்று யாராவது கேட்டால் இனிமேல் பதில் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கற்காலக் கருவிகள், அதற்கு மேலே சங்ககாலப் பொருட்கள், ரோமானிய ஜாடித் துண்டுகள், பல்லவர் காலச் சிற்பங்கள். கல்லை உடைத்துக் கருவி செய்த இடம் அது என்றார்கள். ஃபேக்டரி காம்பவுண்டுகளுக்கு எட்டுகிற தூரத்தில் இன்னொரு ஃபேக்டரி.

தமிழ்நாட்டு அகழாய்வுகளில் குழிக்குள் இறங்கி மண் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் ஜனங்கள்தான். முதலில் அந்தப் பொருளைத் தொட்ட கை அவர்களுடையது. கீழடியில் குழி திறந்திருக்கும்போதே ஜனம் பஸ் பிடித்து வந்து பார்த்ததை நாம் பார்த்தோம். 2023 மார்ச்சில் மியூசியம் திறப்பதற்கு ரொம்ப முன்பே கீழடி உயிர் காலேஜ் ஆகிவிட்டது.

ஐடி கார்டும் தொல்பொருள்தான்

வடக்குப்பட்டாவது மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. போன இருபது வருஷ வரலாறுதான் எனக்குப் பயம் தருகிறது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. நிறுவனத்தின் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வேலை பார்த்தவர்களில் பெரும் பகுதி இளம் பெண்கள். பலருக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து வாங்கின முதல் சம்பளம். நம்ம கையில் இருந்த போன் பலவும் அந்தக் கைகள் வழியாக வந்தவை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எட்டு வருஷம், பத்து மாசம். ஒரு முழு வாழ்க்கைமுறை வந்து போய்விட்டது.

அந்த எட்டு வருஷத்தின் பொருட்கள் எங்கே இருக்கின்றன? யூனிஃபார்ம் கோட்டு, ஐடி கார்டு, கம்பெனி பஸ் பாஸ், ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி, லைனில் நின்று எடுத்த குரூப் போட்டோ, கடைசி மாசச் சம்பளச் சீட்டு. யாரோ ஒருவருடைய பீரோவில், யாரோ ஒருவருடைய பரணில். அடுத்த தடவை வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். பல்லவர் சிற்பம் ஆயிரம் வருஷம் மண்ணில் தாங்கும். ஐடி கார்டு அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரைக்கும்தான்.

ஃபேக்டரி சாமானை மியூசியத்தில் வைப்பார்களா என்று கேட்கலாம். நூறு வருஷத்துக்கு முன்பே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூவார்க் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே ஜான் காட்டன் டானா என்ற நூலகர் 1909-இல் மியூசியம் ஆரம்பித்தார். 1915-இல் தன் மாகாணத்துக் களிமண் தொழிற்சாலைப் பொருட்களையும், அடுத்த வருஷம் நெசவாலைத் துணிகளையும் கண்காட்சியாக வைத்தார். மியூசியம் என்றால் பாரிஸ் ஓவியம் என்று இருந்த காலத்தில், தாங்கள் செய்த ஓடும் துணியும் விளக்கு வெளிச்சத்தில் இருப்பதைத் தொழிலாளிகள் வந்து பார்க்கலாம் என்று ஆக்கினார்.

நம்மிடம் இந்த வகை ரொம்பக் குறைவு. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, கைவினைஞர்களை உட்கார வைத்து, அருமையான வேலை செய்கிறது. ஆனால் நம்ம மியூசியங்கள் எல்லாவற்றிலும் தமிழர் வாழ்க்கை ஃபேக்டரி வருவதற்கு முந்தின நாளோடு நின்றுவிடுகிறது. நெசவாளி இருப்பார், குயவர் இருப்பார். அசெம்பிளி லைனில் நிற்கிற பெண் இருக்க மாட்டார்.

சரி, என்னதான் செய்யலாம்?

இந்தப் பகுதியில் மியூசியம் இல்லாமல் இருக்கலாம். கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தடுக்கி விழுந்தால் ஒரு பொறியியல் கல்லூரி. ஒவ்வொன்றிலும் ஒரு ஹால் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது. கோடிக்கணக்கில் கட்டடம் கேட்கவில்லை. ஒரு ஹால், ஒரு வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. வரலாற்றைப் பார்த்தால் நாலு விஷயம் தோன்றுகிறது.

ஒன்று, பொருள் இரவலாக வரட்டும். எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டில் உடையவர் பேர் இருக்கட்டும், அவர் விரும்பினால். கண்காட்சி முடிந்ததும் பொருள் வீட்டுக்குத் திரும்பட்டும். கல்லூரிக்குப் போட்டோவும் குரல் பதிவும் போதும்.

இரண்டு, சீட்டை உடையவர் சொல்லட்டும், மாணவர் எழுதட்டும். டார்க் டிரில், ஜிக், ஃபிக்ஸ்சர் என்று பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு, அதை ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் தடவை கையில் பிடித்தவர் சொல்கிற விளக்கம் வேறு மாதிரி இருக்கும். சாட்டர்டன் காலத்தில் கலைப் பள்ளிக்குள் நடந்தது இதுதானே.

மூன்று, மொழி. ஒரகடம் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றால் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியா எல்லாம் காதில் விழும். இந்தப் பகுதியின் வரலாறு தமிழில் மட்டும் எழுதினால் பாதிதான் வரும். ஃபேக்டரி வருவதற்கு முன் இங்கே ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர்களும், நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே காம்பவுண்டு வாசலில் கடை போட்டவர்களும் பேச வேண்டும். ரயிலேறி ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவர்களும் பேச வேண்டும். இரண்டு பேரும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சண்டை வருமே என்றால், வரட்டும். சண்டை வராத மியூசியம் எது என்பது நமக்கு இப்போது தெரியும்.

நான்கு, நேரம். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய். மற்ற நாளில் திறந்திருந்தாலும் சாயங்காலத்தோடு சரி. ஏ ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, ரூமுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறவருக்கு இந்த நேரம் ஒத்துவராது. ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கிற மியூசியம் வேண்டும். சந்தை நாளில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு நாட்டுப்புறத்துப் பெண்கள் மாதிரி, தொட்டுப் பார்க்கவும் விட வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி விளம்பரச் சுவராக இது மாறிவிடலாம். 'எங்கள் பெருமைமிகு பயணம்' என்று ஒரு காலவரிசை, ரிப்பன் வெட்டுகிற போட்டோ, உற்பத்தி எண்ணிக்கை. அதில் தொழிலாளி வருவார், தலைக்கவசத்தோடு சிரித்தபடி, பேர் இல்லாமல். அதுவும் பாடம் பண்ணுவதுதான். தர்ஸ்டனுக்குப் பதில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். கல்லூரி நடுவில் இருப்பதற்கு அர்த்தமே, பொருளைக் கொடுத்தவர் பக்கம் நிற்பதற்காகத்தான்.

மியூசியத்துக்குக் காலேஜ் என்று பேர் வைத்த மெட்ராஸ் ஜனங்கள் அதிசயமும் மாயமும் தேடி வரவில்லை, ஏதோ கற்றுக்கொள்ளும் இடம் என்று நினைத்து வந்தார்கள். அது செத்ததா உயிருள்ளதா என்றும் அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். இந்தப் பகுதியில் கல்லூரி ஆசிரியராகவோ, மாணவராகவோ, நாட்டு நலப்பணித் திட்ட ஒருங்கிணைப்பாளராகவோ யாராவது இதைப் படித்தால், ஒரு ஹாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் பழைய ஐடி கார்டு, சம்பளச் சீட்டு, லைன் போட்டோ ஏதாவது இருந்தால் போகிப் பண்டிகைக்கு எரித்துவிடாதீர்கள். பின்பக்கம் பேர், வருஷம், ஷிஃப்ட் எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.